கார்லண்ட் மீதான வழக்கு

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இங்கிலாந்து தேசத்தில் நாய்களை ஏவி நரியைக் கொல்வது இன்று முதல் சட்ட விரோதம். பார்லிமெண்டில் வருஷக்கணக்கில் பேசித் தீர்த்துவிட்டார்கள். இனி நரிகள் அச்சமின்றி உலாவலாம். மனித நாகரிகம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. அதோடு சேர்ந்து எங்கள் ஸ்டோக் மார்லியும் ஏறிவிட்டதாக அரசாங்கக் கணக்கு.

ஊரில் இருக்கும் ஒரே மதுக்கடை என்னுடையது. ஆகவே இந்த ஏற்றம் முழுவதையும் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே பார்க்கக் கிடைத்தது. இடது பக்க அறையில் வேட்டைக் கழகத்தார் உட்காருவார்கள். வலது பக்க அறையில் வேட்டை எதிர்ப்பு முன்னணியார். இரண்டு கட்சியும் ஒன்றை ஒன்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு அறைக்கும் பீர் ஒரே பீப்பாயிலிருந்து போனது என்பதை நான் வெளியே சொன்னதில்லை.

கழகத் தலைவர் மேஜர் வெனபிள்ஸ். பட்டாளத்தில் சாப்பாட்டுச் சாமான் இலாகாவில் இருந்தவர். நடையைப் பார்த்தால் ஒரு கண்டத்தையே பிடித்தவர் போலிருக்கும். எதிர்ப்பு முன்னணிக்குத் தலைவி டாக்டர் இமோஜன் சேல். லண்டனில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, அமைதியை நாடி எங்கள் ஊருக்கு வந்தவர். வந்த நாள் முதல் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

சட்டம் வந்ததும் வேட்டை நின்றுவிடும் என்று நினைத்தவர்களுக்கு மேஜரைத் தெரியாது. சட்டம் நரியைத்தானே துரத்தாதே என்கிறது? குதிரையில் போகாதே என்று சொல்லவில்லையே, நாய் வளர்க்காதே என்று சொல்லவில்லையே. அமெரிக்காவிலிருந்து குப்பியில் நரி மூத்திரம் வரவழைத்தார்கள். அதில் கந்தலை நனைத்து, கயிற்றில் கட்டி, ஒரு ஆள் முன்னால் வயல் வயலாக இழுத்துக்கொண்டு ஓடுவான். நாய்கள் அந்த மோப்பத் தடத்தைப் பிடித்து ஓடும். நாய்களுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டு போட்ட பெரிய மனிதர்கள். வழியில் நிஜ நரி ஒன்று குறுக்கே வந்து செத்துப்போனால் அது தற்செயல். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் தற்செயல்களுக்குக் குறைவில்லை.

இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் ஊரில் இருந்தது. அது கார்லண்ட் என்ற பெண் நாய்.

வேட்டை நாய்க்குட்டிகளைக் கழகத்தின் நாய்க் கொட்டடியில் வளர்க்கமாட்டார்கள். பால் மறந்ததும் ஆளுக்கொரு குட்டியாகப் பண்ணை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே கோழியைக் கடிக்காமல் இருக்கவும், காருக்கு ஒதுங்கவும், கூப்பிட்டால் வரவும் பழகவேண்டும். ஒரு வயதானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது அழக்கூடாது என்பதும் சம்பிரதாயம். நல்ல குட்டியாக வளர்த்தவருக்கு வெள்ளி ஸ்பூன் ஒன்று பரிசு தருவார்கள். கார்லண்டை வளர்த்தது ஹெஸ்டர் கிரிபிள். ஓடைப் பக்கம் சின்னப் பண்ணை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு நாள். ஸ்பூன் வாங்கிய அன்று அவள் அழவில்லை. மேடையில் மேஜருக்குக் கை கொடுத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக விஸ்கி கேட்டாள்.

கார்லண்ட் கூட்டத்திலேயே மூக்குக் கூர்மையானவள். அதுதான் அவளுக்கு வினையாயிற்று. மூத்திரக் கந்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன அசிங்கம் என்பது போல உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தாலாவது பரவாயில்லை, எழுந்து தன் போக்கில் போய்ப் புதருக்குள்ளிருந்து நிஜ நரியைக் கிளப்பிவிடுவாள். டாக்டர் சேலின் ஆட்கள் வேலி மறைவில் கேமராவோடு நிற்கும் காலத்தில், உண்மையைச் சொல்லும் நாயை வைத்துக்கொண்டு ஒரு கழகம் எப்படி நடத்த முடியும்?

கொட்டடிக்காரன் நெட் ஸ்கோல்ஸ் ஒரு நவம்பர் மத்தியானம் என் கடைக்கு வந்தான். நாய்களுக்குத் தீனி போடுவது, பண்ணைகளில் சாகும் கன்று காலிகளை வண்டியில் அள்ளி வருவது, கிழ நாய்களைச் சுடுவது, இப்போது கந்தல் இழுப்பதும் அவன்தான். குடியிருக்கும் வீடு கழகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஹெஸ்டர் கவுண்டரோரம் நின்றிருந்தாள்.

"மிஸஸ் கிரிபிள், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"நீ தொப்பியைக் கழட்டிட்டு வர்றேன்னா எவனோ செத்துட்டான்னு அர்த்தம். யாரு?"

"இன்னும் சாகலை. திங்கட்கிழமை."

ஹெஸ்டர் முட்டைக் கூடையைக் கீழே வைத்தாள். "எம் பொண்ணா?"

"மேஜர் சொல்லிட்டார். கார்லண்ட் வேலைக்கு ஆகாதுன்னு."

"வேலைக்கு ஆகாதா? அவளுக்கு மட்டும்தானேடா வேலை தெரியும் அந்தக் கூட்டத்துல?"

"அதான் பிரச்சனை."

"என்கிட்ட குடுத்துடு."

"வேட்டை நாயை வீட்டுக்குக் குடுக்கிற வழக்கம் இல்லைங்க. அது உங்களுக்கே தெரியும். நாப்பது நாயோட படுத்து எந்திரிச்சது. தனியா இருந்தா கிறுக்குப் பிடிச்சுடும்."

"செத்துப்போனா பிடிக்காதோ?"

நெட் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடி டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் துடைப்பதற்கு எப்போதும் ஒரு டம்ளர் இருக்கும்.

அன்றைக்கே ஹெஸ்டர் கொட்டடிக்குப் போய், கேட்டுக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு வருடம் கழித்தும் அந்தக் குரல் நாய்க்கு மறக்கவில்லை. நெட் கதவைச் சாத்த மறந்துவிட்டதாகப் பிறகு மேஜரிடம் சொன்னான்.

மேஜருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தடை வந்தால் எங்கள் நாய்கள் சாகும்" என்று லண்டன் ஊர்வலத்தில் அவர் தூக்கிப்போன பதாகை இன்னும் இடது அறைச் சுவரில் மாட்டியிருந்தது. தடை வந்து பல மாதமாகியும் அதற்காக ஒரு நாய்கூட முறைப்படி சாகவில்லை. முதலாவதும் கை நழுவிப்போயிற்று. "அந்தப் பொம்பளைக்கு ஒரு பெரிய விஷயம் புரியலைய்யா" என்று என்னிடம் வருத்தப்பட்டார். டாக்டர் சேல் ஹெஸ்டரைப் பாராட்டப் பூங்கொத்தோடு போனார். கார்லண்டின் உடம்பில் காயம், தழும்பு ஏதாவது உண்டா, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று விசாரித்தார். நாய் நல்ல கொழுகொழுவென்று இருந்ததைப் பார்த்து அவருக்கு ஏமாற்றம்.

ஹெஸ்டர் கார்லண்டுக்கு ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை வாங்கினாள். வேட்டை நாய்கள் கழுத்துப்பட்டை போடுவதில்லை. இது வீட்டு நாய் என்று ஊருக்குத் தெரியட்டும் என்பது அவள் எண்ணம். ஊருக்குத் தெரிந்தது. நாய்க்குத்தான் தெரியவில்லை. அடுப்பங்கரையில் கணப்புக்கு முன்னால் படுக்கவைத்தால் எழுந்து போய்க் கதவருகே நிற்கும். கொட்டடியில் நாய்கள் ஒருசேர ஊளையிடுவது காற்றில் வந்தால் பதில் ஊளையிடும். தீனி பாதியாகக் குறைந்தது. வேட்டை நாட்களில் கொம்புச் சத்தம் கேட்டுவிட்டால் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரும். ஹெஸ்டர் வெள்ளி ஸ்பூனால் ஊட்டிப் பார்த்தாள்.

"உயிரோட வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் காப்பாத்தறேன்னே தெரியலை" என்றாள் ஒருநாள் என்னிடம். "தொண்டை கட்டிப்போச்சு பாவம், அழுது அழுது."

"பழகிடும் மிஸஸ் கிரிபிள்" என்றேன்.

"உன் புத்திமதியை பீர்ல கலந்து வித்துடு" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் சேல் கோபமாக உள்ளே வந்தார். சர்ச் வளைவில் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறதாம். எதிலோ கார் முட்டி முன் விளக்கு ஒன்று சிதறிவிட்டதாம். ரோடு இலாகாவுக்குக் கடுமையாக எழுதப்போகிறாராம். மழையில் இறங்கிப் பார்க்கவில்லை. மறுநாளைக்கு மறுநாள் நடக்கப்போகும் பெரிய வேட்டையில் யார் எந்த வேலிக்குப் பின்னால் நிற்பது என்று திட்டம் போட நேரமாகிக்கொண்டிருந்தது. சூடான ஒயின் இரண்டு குடித்துவிட்டு, விலங்குகளின் வலியைப் பற்றி எங்களுக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார்.

கிறிஸ்துமஸ் மறுநாள் வேட்டை என்றால் எங்கள் ஊருக்கு அது தேர்த் திருவிழா மாதிரி. என் கடை வாசலில் குதிரைகளும் நாய்களும் குழந்தை குட்டிகளும் நெருங்கி நின்றார்கள். குதிரைமேல் இருந்தவர்களுக்கு நான் தட்டில் வைத்து மது நீட்டினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோஷம் போட்டவர்களுக்கு என் மனைவி சூப்பு விற்றாள். மேஜர் சேணத்தில் எழுந்து நின்று, ஆங்கிலேயனின் ஆயிரமாண்டு சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். குதிரை நடுவில் சாணி போட்டது. பேச்சு நிற்கவில்லை.

நெட் முன்னாலேயே தடம் போடக் கிளம்பிவிட்டிருந்தான். பிறகு கொம்பு ஊதியது.

அதற்கப்புறம் நடந்ததை முழுசாகப் பார்த்தது டாக்டர் சேலின் கேமராதான். நாய்க்கூட்டம் ஓடைச் சரிவில் இறங்கி வருகிறது. ஹெஸ்டர் பண்ணையின் பக்கத்திலிருந்து ஒரு நாய் அம்பு மாதிரி பாய்ந்து வந்து கூட்டத்துக்கு முன்னால் சேர்கிறது. புதருக்குப் பின்னால் எல்லாம் மறைகின்றன. உறுமல், இழுபறி, பிய்த்தல். குதிரைகள் வந்து சேர்வதற்குள் முடிந்துபோயிற்று. புதரிலிருந்து முதலில் வெளியே வந்தவள் கார்லண்ட். வாயில் நரியின் வால். கழுத்தில் சிவப்புப் பட்டை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாயை நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தை வலது அறையில் முப்பது தடவையாவது போட்டுக் காட்டினார்கள்.

நரியில் வாலைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. நாற்பது நாய்க்கு ஒரு நரி எந்த மூலைக்கு?

போலீஸ் சார்ஜன்ட் முதலில் மேஜரிடம் போனார். மேஜர் தயாராக இருந்தார். "எங்கள் நாய்கள் சட்டப்படியான தடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ ஒரு வீட்டு நாய் நடுவில் புகுந்தது. எங்கள் நாய்களுக்குக் கழுத்துப்பட்டை கிடையாது, நீங்களே பார்க்கலாம்."

சார்ஜன்ட் ஹெஸ்டர் வீட்டுக்குப் போனார். அவள் கார்லண்டின் காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாளாம்.

"நாய் தப்பிச்சு ஓடிடுச்சு, அப்படித்தானேம்மா?" என்று அவரே எடுத்துக்கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன்.

"இல்லையே. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்."

"தெரியாம திறந்துட்டீங்க."

"கொம்பு ஊதுச்சு. இவ அழுதா. திறந்தேன். எங்க போவான்னு தெரிஞ்சுதான் திறந்தேன். வேட்டை நாய் வேறெங்க போகும், சர்ச்சுக்கா?"

"அம்மா, நான் எழுதிக்கலை. இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதிக்கப்பா. பொய் சொல்ற வயசு எனக்குப் போயிடுச்சு."

எங்கள் சுற்று வட்டாரத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர் உள்ளதை உள்ளபடி சொன்னது அதுவே முதலும் கடைசியும். உடனே வழக்குப் பதிவாயிற்று.

இரண்டு கட்சிக்கும் கொண்டாட்டம். கழகத்துக்கு இப்படியொரு தியாகி கிடைக்கத் தவம் இருந்திருக்கவேண்டும்: ஏழை விதவை, முட்டை விற்பவள், கம்பளிச் சட்டையில் முழங்கை கிழிசல். சிவப்புக் கோட்டுக்காரனை ஜெயிலில் போட்டால் பத்திரிகை படிப்பவன் சிரிப்பான். இவளைப் போட்டால் அழுவான். லண்டனிலிருந்து வக்கீலையே வரவழைத்தார் மேஜர். எதிர்ப்பு முன்னணிக்கு அது முதல் தண்டனை. சட்டம் பல்லில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. பல்லைப் பற்றி டாக்டர் சேல் சொன்னால் அதற்கு மரியாதை உண்டு.

"குற்றம் செய்யலைன்னு சொல்லுங்க" என்றார் மேஜர். "மேல் கோர்ட் வரைக்கும் போவோம். நாட்டுப்புறமே உங்க பின்னால நிக்குது."

"குற்றத்தை ஒத்துக்கங்க" என்றார் டாக்டர் சேல். "சின்ன அபராதத்தோட போயிடும். நாய்க்கு ஒண்ணும் ஆகாது. எங்க சரணாலயம் இருக்கு."

ஹெஸ்டர் இருவரையும் ஒரே கேள்வி கேட்டாள். "கார்லண்ட் வீட்டுக்கு வருவாளா?"

மேஜர் கொள்கையைப் பற்றிப் பேசினார். டாக்டர் சேல், "நிச்சயமா" என்றார். ஹெஸ்டர் குற்றத்தை ஒத்துக்கொண்டாள். எப்படியும் அதுதான் உண்மை என்றாள்.

மாஜிஸ்திரேட் அம்மாள் மிகவும் இரக்கத்தோடு பேசினார். வயது, நற்பெயர், ஒளிவு மறைவில்லாத வாக்குமூலம் எல்லாவற்றையும் கருத்தில் கொண்டு மிகக் குறைந்த அபராதம் விதித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குற்றத்துக்குப் பயன்பட்ட நாய் பறிமுதல் என்றார். சட்டத்தில் அப்படியும் ஒரு பிரிவு இருந்தது. இரண்டு கட்சி வக்கீல்களும் அதை அன்றுதான் படித்தார்கள். அபராதத்தை மேஜர் அங்கேயே கட்டிவிட்டு, வாசலில் ஹெஸ்டரின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் அவள் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. போலீஸ் வேன் அந்தப் பக்கம்தான் நின்றது.

பறிமுதல் செய்த நாயை எங்கே வைப்பது? ஊர் நாய்க் காப்பகம் கைவிரித்தது. கிடைக்கும் பூனையை எல்லாம் பிய்த்துப்போடும் ஜாதி, யார் தத்தெடுப்பார்கள்? டாக்டர் சேலின் சரணாலயம் கூட்டம் போட்டுப் பேசி, வருத்தத்தோடு மறுத்துவிட்டது. அங்கே அடிபட்ட நரிகளைப் பராமரிக்கிறார்கள். நரி கொன்று தண்டனை பெற்ற நாயைச் சேர்த்தால் நன்கொடையாளர்கள் என்ன நினைப்பார்கள்? கழகக் கொட்டடியும் மறுத்தது. சட்டத்தை மீறிய நாய் தங்களிடம் இருந்தால் கழகத்தின் பெயர் கெடும் என்று மேஜர் எழுத்துமூலம் தெரிவித்தார். ஆக, கார்லண்டை உயிரோடு வைத்துக்கொள்ள மனமிருந்த ஒரே ஆள் ஹெஸ்டர். அவளிடம் கொடுப்பதுதான் சட்டத்துக்கு விரோதம்.

கடைசியில் சார்ஜன்ட் வேனை நெட்டிடம் ஓட்டிவந்தார். நாய் சுடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உள்ளவன் பக்கத்தில் அவன்தான். தன் கொட்டடி வாசம் தெரிந்ததும் கார்லண்ட் வாலை ஆட்டிக்கொண்டே குதித்து இறங்கியது என்று சார்ஜன்ட் என்னிடம் சொன்னார். மேலே சொல்லவில்லை. ஒரு பிராந்தி வாங்கிக் குடித்துவிட்டு, யூனிபாரத்தில் இருப்பது ஞாபகம் வந்து வெளியே போனார்.

மறுநாள் பகலில் ஹெஸ்டர் வந்தாள். முட்டைக் கூடை இல்லை. வெள்ளி ஸ்பூனைக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"இதை மேஜர்கிட்ட குடுத்துடு."

"மிஸஸ் கிரிபிள், கொஞ்சம் உட்காருங்க..."

"வளர்த்ததுக்குக் குடுத்தது. நான் சரியா வளர்க்கலைன்னு கோர்ட்லயே சொல்லிட்டாங்க." கதவு வரை போய்த் திரும்பினாள். "கழுத்துப்பட்டையை மட்டும் கேட்டேன். அதுவும் பறிமுதல்ல சேர்த்தியாம்."

அவள் போன பிறகு, நாற்காலி, மேசை எல்லாம் அப்படியே இருக்க, நான் அந்த ஸ்பூனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இடது அறையில் புதுப் பதாகை மாட்டியிருந்தது: "தடையின் முதல் பலி: கார்லண்ட்." வலது அறையில் அந்த வாலோடு எடுத்த படம் பெரிதாக்கி ஒட்டியிருந்தது: "சட்டம் வென்றது." இரண்டிலும் நாயின் முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

நெட் வந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. ஸ்பூனைப் பார்த்தான். விஸ்கி கேட்டான். குடிக்கவில்லை.

"பிஸ்கட் குடுத்தேன். வாங்கிட்டு என் கையை நக்குச்சு. அப்போதான்" என்றான்.

"உன்னை யாரும் கேக்கலையே நெட்."

"யாரும் கேக்கலை. அதான்யா விஷயம். வேட்டை அன்னைக்குக் கந்தல்ல ஊத்த ஒண்ணும் இல்லை. அமெரிக்காக் குப்பி ராத்திரிக் குளிர்ல உறைஞ்சு வெடிச்சுப்போச்சு. நான் என்ன பண்ணுவேன்? ஊரே கூடி நிக்குது. ரோட்டுல ஒரு செத்த நரி கிடந்துச்சு, வண்டியில அள்ளிப்போட்டு வெச்சிருந்தேன். அதையே கயித்துல கட்டி இழுத்தேன். நாய்ங்க சீக்கிரம் வந்துடுச்சு. ஓடைப் புதர்ல கயித்தை அறுத்துட்டு ஓடிட்டேன்."

டம்ளர் என் கையில் அப்படியே நின்றது. "அப்போ கார்லண்ட்..."

"அவ பொய்த் தடத்துக்குப் போகமாட்டாளேய்யா. செத்ததுன்னாலும் நெஜ நரியில்ல? அதான் வந்தா. அவ எதையும் கொல்லலை. யாரும் எதையும் கொல்லலை."

"மேஜர்கிட்ட சொன்னியா?"

"அன்னைக்கு சாயங்காலமே. கேட்டுக்கிட்டார். 'நெட், உனக்கு அந்த வீடு வசதியா இருக்கில்ல?'ன்னார்."

"டாக்டரம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவங்க ஒரே பேச்சுல வழக்கையே உடைச்சிருப்பாங்க."

நெட் கோட்டுப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து ஸ்பூனுக்குப் பக்கத்தில் வைத்தான். உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்று, கார் முன் விளக்கினுடையது. அதில் செம்பட்டை முடி நாலைந்து ஒட்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சர்ச் வளைவில் அந்த நரியைக் கொன்றது டாக்டர் சேலின் கார்.